போஜொலே: சிவப்பு ஒயினுக்குப் புதியவர் எங்கே தொடங்கலாம்

சிவப்பு ஒயினை ஒருமுறை குடித்துப் பார்த்து, நாக்கு வறண்டு, ஈறு இறுகி, பாதிக் கிளாஸிலேயே வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். பிரான்சின் லியோன் நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், யாரோ கொடுத்த, போர்தோ பகுதியின் இளம் ஒயினைக் குடித்தேன். ரொம்ப நேரம் கொதித்த கடுந்தேநீரைப் பால் இல்லாமல் குடித்த மாதிரி இருந்தது. சிவப்பு ஒயின் நமக்கு ஒத்துவராது என்றே முடிவு கட்டிவிட்டேன். சில மாதம் கழித்து, ஒரு சின்ன உணவகத்தில் லேசாகக் குளிரவைத்த போஜொலேயை, அதாவது லியோனுக்கு வடக்கே இருக்கும் போஜொலே பகுதியின் சிவப்பு ஒயினை, ஊற்றிக் கொடுத்தார்கள். பழம், பூ, கொஞ்சம் புளிப்பு, அதற்குமேல் எந்த முரட்டுத்தனமும் இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதல் பாட்டில் போஜொலேயாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

குடிக்க எளிது என்பது ஒரு காரணம்தான். இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியின் சிவப்பு ஒயின் ஏறக்குறைய எல்லாமே கமே என்ற ஒரே திராட்சையில் செய்தது. போர்தோவில் மூன்று நான்கு வகைத் திராட்சையைக் கலப்பார்கள். எந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்று புதியவருக்குப் பிடிபடாது. இங்கே திராட்சை மாறுவதில்லை. இரண்டு கிளாஸுக்கு நடுவே வித்தியாசம் தெரிந்தால், அது மண்ணால் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருட வெயிலாலோ செய்தவரின் கையாலோ வந்திருக்க வேண்டும். நாக்கைப் பழக்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒயின் குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஏற்கெனவே அளவாகக் குடிப்பவர்கள், அல்லது பிரெஞ்சு நண்பர் வீட்டு மேசையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்

லியோனிலிருந்து வடக்கே, சோன் ஆற்றின் மேற்குக் கரையோரமாக மாக்கோன் நகரம் வரை, ஏறக்குறைய 55 கிலோமீட்டர் நீளத்துக்குக் குன்றும் சரிவுமாகப் போகிறது போஜொலே. போஜோ என்ற சின்ன ஊரிலிருந்து வந்த பெயர் இது. பழைய பிரபுக்கள் அங்கிருந்துதான் ஆண்டார்கள். இப்போது பகுதியின் பெரிய ஊர் வில்ஃபிரான்ஷ்.

வடக்குப் பாதியையும் தெற்குப் பாதியையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். தெற்கில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும். அங்கே வீடுகளே மஞ்சள் கல்லில் கட்டியவை. மாலை வெயிலில் ஊர் முழுக்கப் பொன் பூசியது போலத் தெரியும். அதனாலேயே அந்தப் பக்கத்தைப் ‘பொன்கற்களின் நாடு’ என்கிறார்கள். வடக்கில் கருங்கல் பாறை, அது உதிர்ந்து உண்டான இளஞ்சிவப்பு மணல். கமே கொடிக்குப் பிடித்தது இந்த ஏழை மண். வளமான இடத்தில் நட்டால் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளிவிடும், சாற்றில் சாரம் இருக்காது. கருங்கல் மணலில் காய்ப்பு அடங்கும், பழத்தில் சுவை சேரும்.

கமேயின் கதையே ஒரு துரத்தலில் தொடங்குகிறது. 1395இல், வடக்கே ஒட்டியிருக்கும் பர்கண்டியின் கோமகன் பிலிப், தன் ஆட்சிப் பரப்பிலிருந்து கமே கொடியைப் பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். நம்பத்தகாத, கெட்ட கொடி என்று அதற்குப் பெயர் வேறு வைத்தார். உழவர்கள் குறைவாகக் காய்க்கும் பினோ நுவாரை விட்டுவிட்டு, தாராளமாகக் காய்க்கும் கமேக்கு மாறிக்கொண்டிருந்ததுதான் அவர் கோபத்துக்குக் காரணம். போஜொலே அப்போது அவருடைய ஆட்சியில் இல்லை. விரட்டப்பட்ட கொடி தெற்கே, தனக்கு ஏற்ற கருங்கல் மண்ணில் நிலைத்தது. பல நூற்றாண்டு கழித்து மரபணுவைச் சோதித்தபோது, கமேக்குப் பெற்றோர்களில் ஒன்று அந்தப் பினோ நுவாரேதான் என்று தெரியவந்தது. கோமகன் தன் செல்லக் கொடியின் பிள்ளையைத்தான் விரட்டியிருக்கிறார்.

லேபிளைப் படிக்கும் முறை

கடையில் நிற்கும்போது உண்மையில் உதவுவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போஜொலேயில் மூன்று படிகள் உண்டு. வெறும் ‘போஜொலே’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்தது. எளியது, விலை குறைந்தது. ‘போஜொலே வில்லாஜ்’ என்றால் வடக்குப் பக்கத்தின் குறிப்பிட்ட 38 ஊர்களிலிருந்து வந்தது. பழச்சுவை கூடுதல், வாயில் கொஞ்சம் கனமும் தெரியும். அதற்கு மேலே ‘க்ரூ’ என்று அழைக்கப்படும் பத்து இடங்கள். க்ரூ பாட்டில்களின் முகப்பில் பெரும்பாலும் போஜொலே என்ற சொல்லே இருக்காது, இடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மொர்கோன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே "போஜொலே எங்கே இருக்கிறது?" என்று கடைக்காரரிடம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடக்கிலிருந்து தெற்காகச் சொன்னால் அந்தப் பத்து: சான்தமூர், ஜூலியெனா, ஷேனா, மூலான் ஆ வான், ஃப்ளரி, ஷிரூப்ள், மொர்கோன், ரென்யே, கோட் து ப்ரூயி, ப்ரூயி. கடைசியாகச் சேர்ந்தது ரென்யே, 1988இல். பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாலைந்து தெரிந்தால் போதும்.

ஃப்ளரி, இளஞ்சிவப்புக் கருங்கல் மண்ணில் விளைவது. பூ வாசனைக்குப் பேர்போனது. ஊர்ப் பெயரின் ஓசையே பூவை நினைவூட்டும். மென்மையானது. முதல் க்ரூ வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மொர்கோன் வேறு குணம். கோட் து பீ என்ற குன்றைச் சுற்றி, கருங்கல்லுக்குப் பதில் கையால் உடைக்கக்கூடிய நீலச்சாயல் பாறை. ஊர்க்காரர்கள் அதை ‘அழுகிய பாறை’ என்பார்கள். இந்த ஒயினில் செர்ரியும், கொட்டையுள்ள பழங்களின் சதைப்பற்றும், சற்று மண் வாசனையும் இருக்கும். சில வருடம் வைத்தால் பழக்குணம் அடங்கி, பர்கண்டி ஒயினின் சாயல் வந்துவிடும். இதற்கென்று பிரெஞ்சில் ஒரு வினைச்சொல்லே உண்டு: ஒயின் ‘மொர்கோனே’ ஆகிவிட்டது என்பார்கள்.

மூலான் ஆ வான் என்றால் காற்றாலை. தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய காற்றாலை இன்றும் நிற்கிறது, அதுதான் பெயரானது. மண்ணில் மாங்கனீசு உண்டு. பத்திலும் கனமானது, அதிகம் துவர்ப்பது, அதிக நாள் தாங்குவது இதுதான். நல்ல வருடத்துப் பாட்டில் பத்தாண்டு எளிதாக நிற்கும். தொடக்கத்திலேயே இதை வாங்க வேண்டாம், இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரூயி பத்திலும் பரப்பில் பெரியது, அதனால் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அதற்கு நடுவே எழுந்து நிற்கும் மலையின் சரிவுகள் மட்டும் கோட் து ப்ரூயி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் மலைச்சரிவு ஒயின் இறுக்கமாக இருக்கும். ஷிரூப்ள் உயரத்தில் விளைவதால் எல்லாவற்றிலும் லேசானது. சான்தமூர் என்ற பெயரில் ‘அமூர்’, அதாவது காதல் இருப்பதால் பிப்ரவரி 14ஆம் தேதியை ஒட்டி நன்றாக விற்கிறது.

சுவை எங்கிருந்து வருகிறது

வழக்கமாகச் சிவப்பு ஒயினுக்குக் காம்பை நீக்கி, திராட்சையை உடைத்து, தோலோடு நொதிக்கவிடுவார்கள். போஜொலேயில் கொத்தை அப்படியே, உடைக்காமல், காம்போடு தொட்டியில் போடுவார்கள். அதனால்தான் இங்கே அறுவடையும் பெரும்பாலும் கையால் நடக்கிறது. இயந்திரம் பழத்தை உதிர்த்துவிடும், கொத்து முழுதாக வராது.

தொட்டி நிறைந்ததும் அடியிலிருக்கும் பழங்கள் மேலிருப்பதன் எடையில் நசுங்கி நொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். மேலே முழுதாக இருக்கும் பழங்களுக்குக் காற்று கிடைக்காது. அப்போது ஒவ்வொரு பழத்துக்கு உள்ளேயும், ஈஸ்ட் இல்லாமலே, அதன் சொந்த நொதிகள் சர்க்கரையைக் கொஞ்சம் சாராயமாக மாற்றத் தொடங்குகின்றன. புளிப்பு சற்றுக் குறைகிறது. ஸ்ட்ராபெரி, செர்ரி, சில சமயம் வாழைப்பழம் போன்ற வாசனைகள் உருவாகின்றன. தோலை அதிகம் கசக்காததால் துவர்ப்பு குறைவாகவே இறங்குகிறது.

எத்தனை நாள் தொட்டியில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒயினின் குணம் மாறும். நாலைந்து நாளில் எடுத்தால் பழரசம் போன்ற லேசான ஒயின். க்ரூக்களில் பத்து நாள், பதினைந்து நாள், அதற்கு மேலும் வைப்பார்கள். அப்போது நிறமும் துவர்ப்பும் ஏறும். சிலர் அதற்குப் பிறகு ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் முதிரவிடுகிறார்கள்.

இன்று உலகம் முழுக்க ‘இயற்கை ஒயின்’ என்று பேசப்படுவதற்கு முக்கியமான ஊற்றுக்கண்களில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. ஒயின் வணிகரும் ஆராய்ச்சியாளருமான ஜூல் ஷோவே, ஒயின் கெடாமலிருக்கப் போடும் கந்தகத்தைச் சேர்க்காமல், பழத்தில் தானாக இருக்கும் ஈஸ்ட்டைக் கொண்டே சுத்தமான ஒயின் செய்ய முடியும் என்று காட்டினார். 1980களில் மொர்கோனின் மார்செல் லப்பியேரும் அவர் நண்பர்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ரசாயன மருந்துகளும் அவசர உற்பத்தியும் மலிந்திருந்த நேரத்தில் அது துணிச்சலான வேலை. லப்பியேர் 2010இல் காலமானார். குடும்பம் தொடர்ந்து செய்கிறது. அந்தப் பெயர்களைக் கடையில் பார்த்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

நூவோ பற்றி

நவம்பர் மாத மூன்றாம் வியாழக்கிழமை பிறக்கும் நள்ளிரவு தாண்டியதும் போஜொலே நூவோ வெளிவரும். அந்த ஆண்டு செப்டம்பர் வாக்கில் பறித்த திராட்சை இரண்டே மாதத்தில் பாட்டிலுக்கு வந்துவிடுகிறது. 1951இலிருந்து இப்படிச் சீக்கிரமாக விற்க அனுமதி உண்டு. முன்பு நவம்பர் 15 என்று இருந்த தேதியை 1985இல் மூன்றாம் வியாழனாக மாற்றினார்கள். போஜோ ஊரில் அன்றிரவு திராட்சைச் சுள்ளிகளைக் கொளுத்தி, பீப்பாய் உருட்டிக்கொண்டு போய்த் திறப்பார்கள். 2020இல் காலமான ஜோர்ஜ் துபூஃப் என்ற வணிகர்தான் இந்தக் கொண்டாட்டத்தை உலகெங்கும் கொண்டுபோனவர். ஜப்பானில் இதற்குப் பெரிய கூட்டமே உண்டு.

விழாவுக்கு நூவோ நல்ல துணை. வாழைப்பழமும் மிட்டாயும் கலந்த வாசனை, துள்ளும் புளிப்பு, நண்பர்களோடு ஒரு மாலை. ஆனால் அதைக் குடித்துவிட்டு "போஜொலே என்றால் இவ்வளவுதான்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். நூவோவின் புகழே க்ரூக்களின் பெயரைப் பல வருடம் மறைத்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. இன்னொன்று, நூவோ வைத்துக் குடிக்கும் ஒயின் இல்லை. அடுத்த வசந்தத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு கடையில் தள்ளுபடியில் கிடைத்ததே என்று இரண்டு வருடம் பழைய நூவோவை வாங்கிவந்தேன். பழம் எல்லாம் போய், புளித்த தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது. லேபிளில் வருடத்தைப் பாருங்கள்.

வாங்குவதும் குளிரவைப்பதும்

பிரான்சில் ஒரு நல்ல வில்லாஜ் பாட்டில் பத்து யூரோவை ஒட்டிக் கிடைக்கும். க்ரூ என்றால் 12 முதல் 25 யூரோ வரை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பர்கண்டியில் அந்த விலைக்கு வாசல்படிதான் தாண்ட முடியும். முடிந்தால் பல்பொருள் அங்காடியைவிட ‘காவிஸ்த்’ என்று சொல்லப்படும் ஒயின் கடைக்காரரிடம் போங்கள். "துவர்ப்பு குறைவாக, பழச்சுவையாக, இன்று இரவு குடிக்க" என்று சொன்னால் போதும், அவர் எடுத்துத் தருவார். இப்படிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வருடம் பார்க்கத் தெரிந்தால் நல்லது. வெயில் கொளுத்திய 2015 போன்ற ஆண்டுகளில் ஒயின் கனமாக, பழுத்த சுவையோடு இருக்கும். குளிர்ந்த 2021 போன்ற ஆண்டில் லேசாக, புளிப்பு முன்நிற்கும். எது மேல் என்று சொல்ல மாட்டேன். எனக்கு லேசானதுதான் பிடிக்கும்.

இப்போது நிறையப் பேர் தவறவிடும் விஷயம்: வெப்பம். ‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்’ என்ற பேச்சு, சூடேற்றும் வசதி இல்லாத பழைய கல்வீடுகளின் காலத்தது. 25 பாகையில் போஜொலேயைக் குடித்தால் சாராய வாசனை மூக்கில் ஏறும், பழம் மந்தமாகிவிடும். நூவோவும் வில்லாஜும் 12 பாகை, க்ரூக்கள் 13 - 14 பாகை. வீட்டில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. குடிப்பதற்கு முன் நாற்பது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள், கோடை நாளில் ஒரு மணி நேரம். பாட்டிலைத் தொட்டால் கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ச்சி தெரிய வேண்டும், பனிக்கட்டி போல இருக்கக் கூடாது.

பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். கார்க் எடுக்கும் திருகி ஒன்று; வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மீதி இடம் வாசனைக்கு. சாராய அளவு பொதுவாக 12.5 முதல் 13.5 சதவீதம். வாரத்துக்குப் பத்து கிளாஸுக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் இரண்டைத் தாண்டக் கூடாது, தினமும் குடிக்கவும் கூடாது என்பது பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரத் துறையின் வரம்பு. அவர்கள் கணக்கில் ஒரு கிளாஸ் என்பது 10 சென்டிலிட்டர்தான். வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

சுவைக்கும் வரிசை

முதலில் வெள்ளைத் துணி அல்லது காகிதத்துக்கு மேலே கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். இளம் போஜொலே நாவல்பழச் சாறு போல ஊதா கலந்த சிவப்பு. ஓரத்தில் கிட்டத்தட்ட ரோஜா நிறம். வயதான மொர்கோன் என்றால் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.

அப்புறம் மூக்கு. கிளாஸை அசைக்காமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை முகருங்கள். புத்தகத்தில் வயலட், பியோனி என்று நம் ஊரில் பார்க்காத பூக்களையெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்களைத் தேடாதீர்கள். உங்கள் மூக்குக்குத் தெரிந்த வாசனையைச் சொல்லுங்கள். எனக்கு ஃப்ளரியில் பன்னீர் ரோஜாவும், ஜூலியெனாவில் பட்டையும் மிளகும் தெரிகின்றன. ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. உணவகமாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம், மாற்றித் தருவது வழக்கம்தான்.

கடைசியாக வாய். ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல் வாய் முழுக்க ஓடவிடுங்கள். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு, நாவல்பழம் தின்றபின் வருவதே. போஜொலேயில் புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு அடங்கியும் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்த ஊர்ச் சிவப்பு ஒயினையும் உங்களால் விவரிக்க முடியும்.

எதோடு சாப்பிடுவது

லியோனுக்கு மூன்று ஆறுகள் என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள்: ரோன், சோன், போஜொலே. இங்கே ‘பூஷோன்’ என்ற சிறு உணவகங்களில் ஒயின் முழுப் பாட்டிலாக வருவதைவிட ‘போ’ என்ற தடித்த அடிப்பாகம் கொண்ட 46 சென்டிலிட்டர் பாட்டிலில் வருவதுதான் அழகு. பட்டு நெசவாளர்கள் விடியும் முன்பே வேலையைத் தொடங்கி, காலை ஒன்பது மணிவாக்கில் பசியாற உட்கார்ந்த ‘மாஷோன்’ என்ற உணவு வழக்கம் இன்னும் இருக்கிறது. பன்றிக் குடல் வகைகளும் ஒரு போ போஜொலேயும்தான் அதன் அடிப்படை.

இந்த ஊர்ச் சாப்பாட்டில் கொழுப்பு அதிகம். போஜொலேயின் புளிப்பு அந்தக் கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்துவிட்டு அடுத்த வாய்க்குத் தயார்செய்கிறது. நாம் எண்ணெயில் பொரித்ததோடு எலுமிச்சை பிழிந்துகொள்வதும் இதே கணக்குத்தான். உப்பிட்டு உலர்த்திய ரோசெத் சோசிசோன் என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டுகளோடு வில்லாஜ் ஒரு கிளாஸ், அதில் தொடங்குங்கள். அடுத்தது லியோன் சாலட்: கசப்புக் கீரை, வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள், ரொட்டித் துண்டு, மேலே மஞ்சள் கரு உடைந்து வழியும் முட்டை. முட்டை பல சிவப்பு ஒயின்களைக் கெடுத்துவிடும், ஆனால் இந்த ஒயின் தாக்குப்பிடிக்கும். ப்ரெஸ் பகுதியின் புகழ்பெற்ற கோழி பக்கத்திலேயே கிடைப்பதால் வறுத்த கோழியோடு ஃப்ளரி, ஒயினில் வேகவைத்த சேவலோடு மொர்கோன் அல்லது மூலான் ஆ வான்.

மீனோடு சிவப்பு ஒயின் கூடாது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் துவர்ப்புத்தான். இங்கே அது குறைவு. தீயில் வாட்டிய சால்மன், சூரையோடு குளிர்ந்த ஷிரூப்ள் ஒத்துப்போகும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விலகி நிற்க வேண்டியதில்லை. பூஷோன்களிலேயே பச்சை மசூர்ப் பருப்பில் கடுகுச் சாறு சேர்த்த சாலட் உண்டு. பூண்டும் நறுக்கிய தழைகளும் கலந்த புதுப் பாலாடைக்கட்டி உண்டு. ‘நெசவாளியின் மூளை’ என்று அதற்குப் பெயர். உருளைக்கிழங்கைப் பாலேட்டில் சுட்ட தட்டோடும், காளான் வதக்கலோடும் மொர்கோன் அருமையாக இருக்கும். ஒரு தகவல்: சில தயாரிப்பாளர்கள் ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு பயன்படுத்துவார்கள். அதைத் தவிர்க்க விரும்பினால் தெளியவைக்காத, வடிகட்டாத பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

நம் வீட்டுச் சமையலோடு குடிக்கலாமா என்று இங்கே வாழும் நண்பர்கள் கேட்பதுண்டு. துவர்ப்பும் சாராயமும் அதிகமான ஒயின் மிளகாய்க் காரத்தைத் தீயாக்கும். போஜொலேயில் துவர்ப்பு குறைவு, குளிரவைத்தும் குடிக்கிறோம், அதனால் மிளகுக் கோழிக்கும், மிதமான காரமுள்ள பிரியாணிக்கும் இது நன்றாக நிற்கும். புளிக்குழம்புக்கு வேண்டாம். சாப்பாட்டின் புளிப்பு ஒயினைவிட மிஞ்சிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அந்த நாளில் தண்ணீரே போதும்.

அடுத்த கட்டம்

இரண்டு மூன்று பாட்டில் குடித்துப் பழகியபின், நான்கு நண்பர்களைக் கூட்டி ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். ஒரே தயாரிப்பாளரின், ஒரே வருடத்து ஃப்ளரி ஒன்று, மொர்கோன் ஒன்று. ஒரே தயாரிப்பாளர் கிடைக்காவிட்டால் ஒரே வருடமாவது இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, மாறி மாறிக் குடியுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே தூரம் சில கிலோமீட்டர்தான். கொடி ஒன்று, வெயிலும் மழையும் ஒன்று. ஒன்று பூவாகவும் மற்றது பழச்சதையாகவும் நிற்பதை முதல்முறை உணர்ந்த அன்று, நான் இரண்டு கிளாஸையும் கீழே வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

லியோன் பக்கம் வருபவர்கள் ரயிலேறி பெல்வில் நிலையத்தில் இறங்கினால் ப்ரூயி மலை அருகில்தான். மலையுச்சியில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கொடிகளைப் பூஞ்சை நோய் தாக்கியபோது, திராட்சைகளைக் காக்க வேண்டி மாதாவுக்குக் கட்டியது. அங்கிருந்து கீழே பார்த்தால் தோட்டங்கள் தெரியும்: கம்பி இல்லாமல், கிண்ணம் போல விரித்து வெட்டிய குட்டைக் கொடிகள். தயாரிப்பாளர் வீட்டுக்குச் சுவைக்கப் போவதானால் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள்; அறுவடை நேரத்தில் அவர்களுக்கு நிற்கவும் நேரம் இருக்காது. சுவைத்தபின் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. ஆறேழு வகை சுவைக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் கார்க்கைத் திரும்ப அழுத்தி, ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். வில்லாஜ் இரண்டு நாள் தாங்கும். மொர்கோனையும் மூலான் ஆ வானையும் மறுநாள் மாலை மறக்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முதல் நாள் மூடிக்கொண்டிருந்த வாசனை சில சமயம் அப்போதுதான் திறக்கும். மூன்றாம் நாளும் மிஞ்சினால் வெங்காயம் வதக்கிய சட்டியில் ஊற்றிச் சுண்டவிட்டு, அதில் முட்டையை உடைத்து வேகவைத்துவிடுங்கள். பர்கண்டி வீடுகளில் அதுவே ஒரு இரவுச் சாப்பாடு.